எண்பதாம் வாசலில் கேள்

டோலோன் கணவாயில் பனி இறங்கினால்
நாரின் ஊரில் எங்கள் தொலைபேசி தூங்காது.
சாலைப் பராமரிப்புக் கிடங்கு, இரவுப் பணி, நான்.
"பாதை திறந்திருக்கா?"
ஒரே கேள்வி, நூறு குரல்.
தொண்டை உப்புத்தாளாகிப்போன ஜனவரியில்
மேலாளர் எசென்கான் சொன்னார்:
ஒரு பக்கம் போட்டுவிடு, பெர்மெத்,
அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டுவிடு.
தேநீர் போடுவதைப்போல.

இருந்தது ஒரு பழைய கணினி,
உப்பு மூட்டைக்கும் டயர் சங்கிலிக்கும் நடுவில்.
லினக்ஸை ஏற்றிவைத்துவிட்டு
யெகாதெரின்பர்க்கில் டாக்சி ஓட்டப் போய்விட்டான் குபாத்.
அவன் விட்டுப்போன அமைப்புக் கோப்பில்
ஒரே ஒரு வரிதான் மனுஷ பாஷையில்:
கீழே இருப்பதைத் தொடாதே.
ஏன் என்று எழுதவில்லை.
தொட்டேன்.

முதலில் ஓர் அரைப்புள்ளி.
நாற்பத்தோராம் வரியின் கடைசியில் அது இல்லையாம்,
எழுந்திருக்க மாட்டேன் என்றது சர்வர்.
ஒரு கடுகுக்காகக் கல்யாணத்தை நிறுத்தும்
சம்பந்தியைப்போல.

வைத்தேன். எழுந்தது. உடனே விழுந்தது.
எண்பதாம் வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.
தேடிப் பார்த்தால்
குபாத் நிறுவி மறந்த இன்னொரு சர்வர்.
மூன்று வருஷமாக ஒருவரும் வராத வீட்டில்
விளக்கை ஏற்றி உட்கார்ந்திருக்கிறது.
அதன் ஒரே பக்கத்தில் ஒரே வாக்கியம்:
வேலை செய்கிறது!
நிறுத்தும் முன்
கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்வானேன்.

பிறகு நானூற்று மூன்று.
கோப்பு என்னுடையது, எழுதியது நான்,
ஆனால் சர்வர் வேறு பெயரில் நடமாடுகிறது,
அந்தப் பெயருக்கு என் அடைவுக்குள் அனுமதி இல்லை.
அலுப்பில் மூன்று ஏழுகளை அடிக்கப் போனேன்,
எல்லா அறைச் சாவியையும் படியில் வைத்துவிட்டுப்
படுக்கப் போகிற மாதிரி.
அடிக்கவில்லை.
யாருக்கு எது என்று உட்கார்ந்து பிரித்தேன்,
படிக்க மட்டும், நுழைய மட்டும்.
மணி இரண்டு.

என் திரையில் பக்கம் வந்துவிட்டது.
முற்றத்தில் பனிவாரி வண்டியைச்
சூடேற்றிக்கொண்டிருந்த தாலாய்பெக்கின்
கைபேசியில் வரவில்லை.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்: இப்போ?
இல்லை.
இப்போ?
இல்லை, ஜன்னலை மூடு, செத்துப்போவாய்.

பன்னிரண்டாம் வரி.
எண்பதில் கேள் என்று எழுதியிருந்தது சரிதான்,
அதன் முன்னால் ஒரு முகவரி:
நூற்றிருபத்தேழு, சைபர், சைபர், ஒன்று.
தன் வீட்டுக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி.
தான் பேசினால் மட்டும் தனக்குக் கேட்கும் காது.
எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வந்தது.
பெயர் வேண்டாம், ஒருவர் இங்கேதான் வேலை செய்கிறார்.
முகவரியை அழித்தேன்.
எண்பது மட்டும் மிஞ்சியது.

வந்துருச்சு! என்றான் தாலாய்பெக்
வெளியிலிருந்து, ஆவி பறக்க.
கணவாய் மூடப்பட்டுள்ளது. பனிப்புயல்.
அடுத்த தகவல் காலை ஆறுக்கு.

பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
முதல் விருந்தாளி மனுஷனே இல்லை,
எந்த நாட்டிலிருந்தோ ஒரு நிரல்,
நிர்வாகி நுழையும் கதவு எங்கே என்று
பதினேழு விதமாகக் கேட்டது.
பதினேழுக்கும் நானூற்று நான்கு.

மூன்று பன்னிரண்டுக்கு ஒரு கைபேசி.
கேட்டது, கொடுத்தேன், இருநூறு.
மூன்று பத்தொன்பதுக்கு அதே முகவரி.
மூன்று இருபத்தேழு.
மூன்று முப்பத்தொன்று.
கேட்டுக்கொண்டே இருந்தால்
மலை மனசு மாறிவிடும் என்று நினைத்தானோ.

பிறகு தொலைபேசி அடித்தது.
சரி-புலாக்கிலிருந்து, டீசல் இரைச்சலுக்கு மேலே:
"உங்கள் பக்கத்தில் மூடியிருக்கு என்று போட்டிருக்கு.
நிஜமா?"

நிஜம்தான் என்றேன்,
உப்புத்தாள் குரலில்.
கொஞ்சம் மௌனம்.
கியர் மாற்றும் சத்தம்.
லாரி திரும்பும்போது பின்பக்கம் அடிக்கும் மணி,
நீளமாக,
அவன் வைக்க மறந்த போனில்.